ஹியாஷி சூக்கா: ஜப்பானியக் குளிர் நூடுல்ஸ் – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வெயில் ஏற ஏற ஹியாஷி சூக்கா பற்றிய கேள்விகளும் ஏறும். பெரும்பாலும் அதே கேள்விகள்தான். கேட்டவர்கள் கேட்ட விதத்திலேயே அவற்றை இங்கே தொகுத்திருக்கிறோம். அளவுகள் எல்லாம் 2 பேருக்கானவை. மேசைக்கரண்டி என்றால் 15 மி.லி., தேக்கரண்டி என்றால் 5 மி.லி.

இது நூடுல்ஸா, சாலடா? முதல்ல அதைச் சொல்லுங்க.

'ஹியாஷி' என்றால் குளிரவைத்தது, 'சூக்கா' என்றால் சீன பாணி. வேகவைத்த ராமென் நூடுல்ஸைக் குளிர்ந்த நீரில் அலசித் தட்டில் குவிப்பார்கள். அதன்மேல் வெள்ளரிக்காய், முட்டை ஏடு (மெல்லிய ஆம்லெட்), ஹாம் எல்லாம் மெல்லிய கீற்றுகளாக, ஓரத்தில் தக்காளியோடு வண்ணம் வண்ணமாக வரும். புளிப்பு, இனிப்பு, உப்பு மூன்றும் சேர்ந்த சோயா சாற்றை மேலே ஊற்றிச் சாப்பிட வேண்டியதுதான். ஒரு வேளைக்கு இதுவே முழுச் சாப்பாடு.

சாலட் என்றே பெயர் வைத்த ஒன்றும் ஜப்பானில் உண்டு: வடக்குத் தீவான ஹொக்காய்டோவின் 'ராமென் சாலட்'. 1980களில் சப்போரோவில் ஒரு ஹோட்டலின் பீர் உணவகத்தில் பிறந்தது. அதில் கீரையிலைகள் அதிகம், நூடுல்ஸ் குறைவு, பெரும்பாலும் எள் சாறு. நடுவில் வைத்து நாலு பேர் பகிர்ந்து சாப்பிடுவது. இந்தப் பக்கத்தில் உள்ள முறைகள் இரண்டுக்கும் பொருந்தும்.

பேர்லயே சீனா இருக்கே, அப்போ இது சீனச் சாப்பாடு இல்லையா?

நூடுல்ஸும் குளிரவைத்துப் பிசறும் யோசனையும் சீனாவிலிருந்து வந்தவை. இன்றைய வடிவம் ஜப்பானில் உருவானது. வடகிழக்கு நகரமான செண்டாயில் 'ர்யூதெய்' என்ற சீன உணவகம் 1937-இல் இதைத் தொடங்கியது என்பது ஒரு வரலாறு. கோடையில் சூடான நூடுல்ஸ் விற்காமல் போனதற்கு அவர்கள் கண்ட வழி அது. தோக்கியோவின் ஜிம்போசோ பகுதியில் உள்ள 'யோசுகோ சாய்கான்' 1933-லிருந்தே தாங்கள் செய்வதாகச் சொல்கிறது. அங்கே காய்க் கீற்றுகளை ஃபூஜி மலை மாதிரி சாய்த்து நிறுத்தியிருப்பார்கள். வழக்கைத் தீர்க்க நாம் யார், இரண்டு கடையும் இன்றும் நடக்கிறது.

ஜப்பானில் கோடை வந்துவிட்டது என்பதை 'ஹியாஷி சூக்கா ஹாஜிமேமாஷிதா' என்று கடைவாசலில் தொங்கும் தாள் சொல்லிவிடும். 'ஹியாஷி சூக்கா தொடங்கியாச்சு' என்று பொருள். பல கடைகளில் கோடை முடிந்ததும் தாளும் இறங்கிவிடும், பண்டமும் இருக்காது.

எந்த நூடுல்ஸ் வாங்கணும்?

'சூக்கா மென்' அல்லது ராமென் என்று போட்ட கோதுமை நூடுல்ஸ். மாவில் 'கன்சுய்' என்ற காரநீர் (அல்கலைன் நீர்) சேர்த்திருப்பார்கள். சோடியம் கார்பனேட்டும் பொட்டாசியம் கார்பனேட்டும்தான் அதில் முக்கியம். மஞ்சள் நிறமும், பல்லுக்கு எதிர்த்து நிற்கிற அந்த இழுவையும் அதனால் வருபவை. முட்டையால் வந்த மஞ்சள் என்று பலர் நினைக்கிறார்கள். கோதுமையில் இயல்பாக இருக்கும் நிறமிகள் காரத்தன்மையில் மஞ்சளாகத் தெரிகின்றன, அவ்வளவுதான். பச்சை (உலர்த்தாத) நூடுல்ஸ் என்றால் 240 முதல் 260 கிராம், உலர்ந்தது என்றால் 160 முதல் 180 கிராம்.

சோமென், சோபா என்ற ஜப்பானிய நூடுல்ஸ் இரண்டும் குளிராகச் சாப்பிடுபவைதான், ஆனால் அவற்றில் கன்சுய் கிடையாது. கிண்ணத்துச் சாற்றில் தோய்த்துச் சாப்பிடும் வேறு வகை. இந்தப் புளிப்புச் சாறு ஊறினால் சோமென் சீக்கிரம் துவண்டுவிடும்.

ராமென் நூடுல்ஸ் எங்கேயும் கிடைக்கலை. ஸ்பகெட்டில செய்யலாமா?

செய்யலாம், ஆப்பசோடா இருந்தால். தண்ணீர் கொதித்ததும் லிட்டருக்கு 1 மேசைக்கரண்டி ஆப்பசோடாவைச் சிறிது சிறிதாகப் போடுங்கள். ஒரேயடியாகக் கொட்டினால் நுரைத்துப் பொங்கி அடுப்பெல்லாம் வழியும். பாத்திரத்தில் பாதிக்கு மேல் தண்ணீர் இருக்கக் கூடாது. கிடைப்பதிலேயே மெல்லிய ஸ்பகெட்டி 160 கிராம் போட்டு, பாக்கெட்டில் சொன்ன நேரத்துக்கு ஒரு நிமிடம் முன்பிருந்தே ஒன்றை எடுத்துக் கடித்துப் பாருங்கள். மஞ்சள் ஏறி, ராமென் வாசனை வந்துவிடும்.

அலுமினியப் பாத்திரம் வேண்டாம். சோடா பட்டால் அது கறுக்கும். எவர்சில்வர் நல்லது. வெந்ததும் நன்றாக அலசாவிட்டால் சோப்பு மாதிரி ஒரு கசப்பு நிற்கும்.

சேமியா? இடியாப்பம்?

சேமியா வேண்டாம். துண்டு துண்டாக இருப்பதால் சாப்ஸ்டிக்கும் பிடிக்காது, முள்கரண்டியும் பிடிக்காது, அலசும்போதே குழைந்துவிடும். இடியாப்பம் குளிர்ந்தால் விறைத்து உதிரும். கோதுமை ஆகாதவர்கள் மெல்லிய அரிசி நூடுல்ஸ் எடுத்துக்கொள்ளலாம். சுவை வேறாக இருக்கும், ஆனால் மோசமில்லை. சோயா சாஸிலும் கோதுமை உண்டு என்பதை மறக்கக் கூடாது. கோதுமை சேர்க்காத 'தமாரி' என்று தேடி, பொருள் பட்டியலைப் படித்து வாங்குங்கள்.

இன்ஸ்டன்ட் நூடுல்ஸ் பாக்கெட்டை வச்சு ஒப்பேத்த முடியுமா?

முடியும், ஒரு சிக்கல் உண்டு. பெரும்பாலான பாக்கெட் நூடுல்ஸ் பாமாயிலில் பொரித்தவை. நேரே ஐஸ் தண்ணீரில் போட்டால் அந்த எண்ணெய் உறைந்து, இழைகளின் மேல் மெழுகு பூசியது மாதிரி நாக்கில் ஒட்டும். வேகவைத்த தண்ணீரைக் கொட்டியதும் முதலில் வெதுவெதுப்பான தண்ணீரில் ஒரு முறை அலசி எண்ணெயைப் போக்குங்கள், பிறகு குளிர்ந்த தண்ணீர். மசாலாப் பொடியைத் தூர வையுங்கள். பொரிக்காமல் காற்றில் உலர்த்திய வகை கிடைத்தால் இந்தத் தொல்லையே இல்லை.

சாறுக்குச் சரியான அளவு என்ன?

சோயா சாஸ் 3 மேசைக்கரண்டி, அரிசி வினிகர் 3, சர்க்கரை 2, தண்ணீர் அல்லது உப்பில்லாத கோழிச்சாறு 4, வறுத்த எள்ளெண்ணெய் 1 மேசைக்கரண்டி, இஞ்சிச்சாறு 1 தேக்கரண்டி. ஆளுக்கு ஏறக்குறைய 90 மி.லி. வரும்.

தண்ணீர், சோயா சாஸ், சர்க்கரை மூன்றையும் லேசாகச் சூடுபடுத்திச் சர்க்கரை கரைந்ததும் இறக்குங்கள். ஆறிய பிறகுதான் வினிகர். சூட்டில் ஊற்றினால் அதன் மணம் ஆவியோடு போய்விடும். இஞ்சிச்சாறும் எள்ளெண்ணெயும் கடைசியில். குறைந்தது ஒரு மணி நேரம் ஃபிரிட்ஜில் வையுங்கள். அறை வெப்பத்தில் ருசி பார்க்கும்போது கொஞ்சம் தூக்கலாகத் தெரிந்தால் சரியாக இருக்கிறது என்று அர்த்தம். குளிர்ந்தால் இனிப்பு மங்கும், நூடுல்ஸும் கொஞ்சம் இழுத்துக்கொள்ளும்.

வீட்ல இருக்கிற நல்லெண்ணெய், சாதா வினிகர் போதாதா?

வினிகர் சமாளிக்கலாம், எண்ணெய் முடியாது. நம் நல்லெண்ணெய் வறுக்காத எள்ளைச் செக்கில் ஆட்டியது. ஜப்பானிய எள்ளெண்ணெய் எள்ளை ஆழமாக வறுத்துப் பிழிந்தது. நிறமே பழுப்பாக இருக்கும், மணம் பத்து மடங்கு. நல்லெண்ணெய் ஊற்றினால் எண்ணெய்ப் பிசுக்குதான் கிடைக்கும், மணம் வராது. அதுதான் கையில் இருக்கிறது என்றால், அளவைப் பாதியாக்கி, 1 மேசைக்கரண்டி வெள்ளை எள்ளைப் பொன்னிறமாக வறுத்து நுணுக்கிச் சாற்றில் சேருங்கள். ஓரளவு ஈடாகும்.

சாதாரண வெள்ளை வினிகர் மூக்கில் ஏறும். 3 மேசைக்கரண்டிக்குப் பதில் 2 ஊற்றி, 1 மேசைக்கரண்டி எலுமிச்சைச் சாறு சேர்த்தால் முனை மழுங்கும். சோயா சாஸில் 'டார்க்' என்று போட்ட கெட்டியான வகை வேண்டாம். நிறம் கறுக்கும், சாறு பாகு மாதிரி ஆகும்.

எள் சாறு வேணும்னா?

மேலே சொன்ன சாற்றில் தண்ணீரை 4-லிருந்து 3 மேசைக்கரண்டியாகக் குறைத்து, வறுத்த எள் விழுது 2 மேசைக்கரண்டி சேருங்கள். விழுதைக் கிண்ணத்தில் போட்டு, சாற்றைக் கரண்டி கரண்டியாக விட்டுக் குழைக்க வேண்டும். முதல் இரண்டு கரண்டிக்கு அது திரிந்த மாதிரி கெட்டியாகும். பயப்படாமல் கலக்குங்கள், இளகிவிடும். அரபு நாட்டு தஹினி போட்டால் எள் பெரும்பாலும் லேசாகத்தான் வறுபட்டிருக்கும். வறுத்த எள்ளெண்ணெயைக் குறைக்காதீர்கள்.

பாக்கெட்ல 3 நிமிஷம்னு போட்டிருக்கு. அதே நேரம்தானா?

சூடாகச் சாப்பிட என்று கொடுத்த நேரம் என்றால் 30 வினாடி முதல் 1 நிமிடம் வரை கூட்டுங்கள். குளிர்ந்த தண்ணீரில் விழுந்ததும் வெந்த மாவு இறுகும். சூட்டில் பதமாகத் தெரிந்த நூடுல்ஸ் குளிரில் ரப்பர் ஆகும். குளிர் நூடுல்ஸ் என்றே விற்கும் பாக்கெட்டில் அந்தக் கணக்கை ஏற்கெனவே போட்டிருப்பார்கள், அதில் கை வைக்க வேண்டாம்.

100 கிராம் நூடுல்ஸுக்குக் குறைந்தது 1 லிட்டர் தண்ணீர். உப்பு போட வேண்டியதில்லை. பச்சை நூடுல்ஸை விரல்களால் உதறி, ஒட்டியிருக்கும் மாவைத் தட்டிவிட்டுப் போடுங்கள்.

அலசுறதுன்னா சும்மா குழாய்க்குக் கீழே காட்டினா போதுமா?

போதாது. இந்தப் பண்டத்தில் நல்லது கெட்டது எல்லாம் இந்த இரண்டு நிமிடத்தில்தான் முடிவாகிறது. மேலே என்ன அடுக்குகிறோம் என்பதெல்லாம் அதற்குப் பிறகு.

வெந்ததும் வடிதட்டில் கொட்டி, ஓடும் தண்ணீரில் முதலில் சூட்டை ஆற்றுங்கள். கை பொறுக்கும் சூடு வந்ததும் துணி கசக்குகிற மாதிரி, ஆனால் இழை அறாமல், இரண்டு கையாலும் தேயுங்கள். தண்ணீர் முதலில் கழுநீர் மாதிரி கலங்கிப் போகும். அது தெளிந்து ஓடும்வரை தேய்க்க வேண்டும். இழைமேல் இருக்கும் வழவழப்பான கஞ்சியும் கன்சுய் வாசமும் போய், விரலில் இழை நழுவாமல் லேசாகப் பிடிக்கும், அதுதான் அடையாளம். பிறகு ஐஸ் தண்ணீரில் 30 வினாடி முதல் 1 நிமிடம். அதற்கு மேல் கிடந்தால் தண்ணீர் குடிக்கத் தொடங்கும்.

கடைசி வேலை வடிப்பது. வடிதட்டைத் தூக்கி நாலு உதறு உதறுங்கள். அப்புறம் நூடுல்ஸைப் பிடி பிடியாக எடுத்து உள்ளங்கையால் வடிதட்டின் சுவரோடு அழுத்துங்கள். இனி ஒன்றுமில்லை என்று நினைத்த பிறகும் சொட்டும்.

நீங்க சொன்ன அளவுதான் போட்டேன், ஆனா சாறு சப்புன்னு இருக்கே?

சாற்றில் குற்றமில்லை, முந்தைய பதிலின் கடைசிப் பத்தியைப் பாருங்கள். ஒரு தட்டு நூடுல்ஸில் 2 மேசைக்கரண்டி தண்ணீர் தங்கிவிட்டால் அது 30 மி.லி. 90 மி.லி. சாற்றோடு அது சேரும்போது மொத்தத்தில் கால் பங்கு தண்ணீர்தான். சோயா சாஸைக் கூட்டிச் சரிசெய்யப் பார்த்தால் உப்பு ஏறும், புளிப்பும் இனிப்பும் பின்தங்கும்.

நன்றாக வடித்தும் சப்பென்று இருந்தால் தக்காளியையும் வெள்ளரிக்காயையும் சந்தேகியுங்கள். வெட்டி நேரமானால் இரண்டும் தண்ணீர் விடும்.

சில்லுனு இருக்கணும்னு மேலே ஐஸ் கட்டி போடலாமா?

கரைந்ததும் முந்தைய கேள்விதான் திரும்ப வரும். தட்டை 20 நிமிடம் ஃபிரிட்ஜில் வைத்தால் போதும். ஐஸ் பார்க்க ஆசை என்றால் சாற்றில் நாலில் ஒரு பங்கை எண்ணெய் சேர்க்கும் முன் ஐஸ் தட்டில் ஊற்றி உறையவிட்டு, அந்தக் கட்டியைப் போடுங்கள்.

முட்டை ஏடு ஒவ்வொரு தடவையும் கிழியுது.

2 முட்டை, ஒரு சிட்டிகை உப்பு, அரைத் தேக்கரண்டி சர்க்கரை. அதோடு 1 தேக்கரண்டி சோள மாவை 1 தேக்கரண்டி தண்ணீரில் கரைத்து ஊற்றுங்கள். கிழியாமல் காப்பது இதுதான். நுரை வராமல் கலக்கி வடிகட்டுங்கள். வடிகட்டாவிட்டால் வெள்ளைக்கரு திட்டுத்திட்டாக நின்று அந்த இடத்தில் கிழியும்.

ஒட்டாத தவாவை எண்ணெய்த் துணியால் துடைத்து, சிறு தீக்கும் நடுத் தீக்கும் இடையில் வையுங்கள். ஒரு சொட்டு முட்டை விட்டால் சத்தமில்லாமல் வேக வேண்டும். 'சொய்' என்றால் சூடு அதிகம். மெல்லியதாகச் சுழற்றி ஊற்றி, மேல்பக்கம் ஈரம் காய்ந்ததும் அடுப்பை அணையுங்கள். ஒரு சாப்ஸ்டிக்கை நடுவில் செருகித் தூக்கித் திருப்பி, 10 வினாடி போதும். முழுக்க ஆறிய பிறகு சுருட்டி 2 மி.மீ. அகலத்தில் நறுக்குங்கள்.

மேலே வேற என்னவெல்லாம் வைக்கலாம்? எப்படி வெட்டறது?

வழக்கமானவை வெள்ளரிக்காய், முட்டை ஏடு, ஹாம் அல்லது வெந்த கோழி நெஞ்சுக்கறி, கனிகாமா என்ற மீன்விழுதுக் குச்சி, வெந்நீரில் ஒரு நிமிடம் போட்டெடுத்த பயறு முளை, தக்காளி, சிவப்பு ஊறுகாய் இஞ்சி. பயறு முளை என்பது சுண்டலுக்குக் கட்டும் குட்டை முளை இல்லை, விரல் நீளத்துக்கு வளர்ந்த வெள்ளைத் தண்டு.

எதை வைத்தாலும் நூடுல்ஸோடு சேர்ந்து வாய்க்குள் போகிற மாதிரி நீளக் கீற்றாக இருக்க வேண்டும். சதுரத் துண்டுகள் தட்டின் அடியில் தங்கிவிடும். வெள்ளரிக்காயை முதலில் சாய்வாக வில்லைபோட்டு, வில்லைகளை ஒன்றன்மேல் ஒன்று சரித்து அடுக்கிக் கீற்றாக்குங்கள். ஒவ்வொரு கீற்றின் நுனியிலும் பச்சைத் தோல் நிற்கும், அது மொறுமொறுப்புக்கு. உப்புப் போட்டுப் பிசறாதீர்கள், துவண்டுவிடும். தக்காளி மட்டும் விதிவிலக்கு: அதை அரைவட்டமாக வெட்டி ஓரத்தில் வைப்பார்கள்.

ஓரத்துல வைக்கிற கடுகை அரைச்சேன், காரமே இல்லையே?

கொதிநீர் ஊற்றியிருப்பீர்கள். கடுகின் காரம் அதில் இருக்கும் ஒரு நொதி தண்ணீரில் வேலை செய்யும்போது பிறக்கிறது. கொதிநீர் அந்த நொதியைக் கொன்றுவிடும். வினிகரும் அதைத் தடுக்கும். 1 தேக்கரண்டி கடுகுப் பொடியை உடல்சூட்டை ஒத்த வெதுவெதுப்பான தண்ணீரில் கெட்டியாகக் குழைத்து, மூடிப் 10 நிமிடம் வையுங்கள். 'கரஷி' என்ற ஜப்பானியக் கடுகு விழுதுக்கு எடுப்பது பழுப்புக் கடுகு இனம். நம் கடுகும் அதற்கு நெருங்கியதுதான், நன்றாகவே ஒத்துவரும். பாட்டிலில் வரும் மஞ்சள் மஸ்டர்டில் புளிப்புதான் முன்னால் நிற்கும்.

மொத்தச் சாற்றிலும் கரைக்காமல் தட்டின் ஓரத்தில் அப்பிவிட்டு, வேண்டும்போது தொட்டுக்கொள்வதே முறை.

மயோனைஸ் போடறாங்களாமே, நிஜமா?

நிஜம். நகோயாவைச் சுற்றிய பகுதியில் அது சாதாரணம். தோக்கியோக்காரர்கள் புருவத்தை உயர்த்துவார்கள். புளிப்பை அது உருட்டித் தரும். சோயா சாற்றோடு பொருந்தும், எள் சாற்றோடு திகட்டும்.

சைவமா செய்ய முடியுமா?

தாராளமாக. தண்ணீருக்குப் பதில் 5 செ.மீ. 'கொம்பு' என்ற கடற்பாசியையும் 2 உலர்ந்த ஷிட்டாக்கே காளானையும் 300 மி.லி. குளிர்ந்த நீரில் இரவு முழுக்க ஃபிரிட்ஜில் ஊறவைத்த சாற்றை ஊற்றுங்கள். ஊறிய காளானைச் சோயா சாஸும் சர்க்கரையும் விட்டுச் சுண்டவைத்து நறுக்கினால் ஹாமின் இடத்தை அது நிரப்பும். கனிகாமாவில் மீனும் பெரும்பாலும் முட்டை வெள்ளையும் உண்டு. கடையில் விற்கும் 'சுயு' சாற்றில் பெரும்பாலும் காய்ந்த மீன் இருக்கும், பெயரை மட்டும் பார்த்து ஏமாற வேண்டாம். சில நூடுல்ஸில் முட்டை உண்டு.

காலையில செஞ்சு மதியத்துக்கு டிபன் பாக்ஸ்ல கொண்டுபோகலாமா?

போகலாம், மூன்றையும் பிரித்து. வடித்த நூடுல்ஸில் அரைத் தேக்கரண்டி எள்ளெண்ணெய் பிசறி, இரண்டு வாய் அளவுச் சிறு சுருள்களாக வையுங்கள். ஒட்டினாலும் சுருளாகத்தான் ஒட்டும். காய்கள் தனி டப்பா, சாறு தனிக் குப்பி. சாப்பிடும்போது முதலில் ஒரு கரண்டிச் சாறு விட்டு நூடுல்ஸைக் கலைத்துவிட்டு மீதியை ஊற்றுங்கள்.

ஐஸ் பை அவசியம். முட்டை, ஹாம், வெந்த நூடுல்ஸ் மூன்றும் வெளியில் 2 மணி நேரத்துக்கு மேல் இருக்கக் கூடாது. 32 டிகிரிக்கு மேல் வெயில் என்றால் 1 மணி நேரம். சாற்றை மட்டும் முன்கூட்டிச் செய்து ஃபிரிட்ஜில் 3, 4 நாள் வைக்கலாம்.

எங்க ஊர்க் குழாய்த் தண்ணி நேரா குடிக்கிற மாதிரி இல்லை. அதுல அலசலாமா?

நல்ல கேள்வி. ஜப்பானிய சமையல் குறிப்புகளில் இது வராது, ஏனென்றால் அங்கே குழாய்த் தண்ணீரையே குடிக்கிறார்கள். அலசிய பிறகு நூடுல்ஸ் அடுப்பைப் பார்க்கப் போவதில்லை. அதனால் எல்லா அலசலுக்கும் காய்ச்சி ஆறவைத்த அல்லது வடிகட்டிய தண்ணீர். 2 பேருக்கு 4 லிட்டர் வேண்டியிருக்கும். பெரிய பாத்திரத்தில் ஊற்றி மூன்று முறை மாற்றித் தேயுங்கள். ஐஸும் அதே தண்ணீரில் செய்ததாக இருக்கட்டும்.

பிரஷர் இருக்கிறவங்க சாப்பிடலாமா?

3 மேசைக்கரண்டி சோயா சாஸில் ஏறக்குறைய 8 கிராம் உப்பு இருக்கிறது, அதாவது தட்டுக்கு 4 கிராம். ஒரு நாளைக்கு 5 கிராமுக்குக் கீழ் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் வரம்பு. ஆனால் சாறு குடிப்பதற்கு இல்லை. தட்டில் மிஞ்சுவதை விட்டுவிட்டால் கணிசமாகக் குறையும். சோயா சாஸை 2 மேசைக்கரண்டியாக்கி, குறைந்ததைக் கொம்புச் சாற்றால் நிரப்பி, இஞ்சியையும் கடுகையும் கூட்டினால் உப்புக் குறைவு அவ்வளவாகத் தெரியாது. மருத்துவர் தந்த கணக்கு வேறாக இருந்தால் அதுதான் கணக்கு.

ஒசாகாவுல 'ரெய்மென்'னு கேட்டா இது வந்தது, மோரியோகாவுல கேட்டா கிம்ச்சி போட்ட சூப் வந்தது. எது சரி?

இரண்டும் சரி. ஒசாகா பக்கத்தில் ஹியாஷி சூக்காவையே ரெய்மென் என்கிறவர்கள் உண்டு. ஹொக்காய்டோவில் அதற்கு ஹியாஷி ராமென் என்று பெயர். மோரியோகா ரெய்மென் கொரியக் குளிர் நூடுல்ஸின் வழி வந்தது. உருளைக்கிழங்கு மாவு சேர்த்த, கண்ணாடி மாதிரி மினுங்கும் கெட்டி இழை, மாட்டெலும்புச் சூப், கிம்ச்சி, மேலே ஒரு துண்டு தர்ப்பூசணி. அதற்கு இந்தச் சாறும் சேராது, இந்த நூடுல்ஸும் சேராது.